சூரிச் சிட்டியின் ஒரே பாசனதாரர்

அமராவதிபுதூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் சூரிச் சிட்டியில் நாற்பத்தாறு வீடுகள். நாற்பத்தாறும் வயலில் நிற்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மனை விற்றவர் எதையும் மறைக்கவில்லை. "நீர்நிலையோரம் நிம்மதியான வாழ்க்கை" என்று நோட்டீசிலேயே போட்டிருந்தார். நாங்கள்தான் நிம்மதி என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்.

வயல் என்றால் அதற்கு மேலே ஒரு கண்மாய், அதாவது பாசன ஏரி, உண்டு; கண்மாய் என்றால் அதற்குக் கரை உண்டு. அந்தக் கரை மண்ணை வெட்டித்தான் எங்கள் மனைகளை மேடாக்கினார். வயலுக்குத் தண்ணீர் விட மடை உண்டு. அது இப்போது பதினேழாம் நம்பர் வீட்டுக் கக்கூசுக்கு அடியில் இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரைக்கோடியில் ஒரு கலுங்கும், அங்கிருந்து அடுத்த கண்மாய் வரை ஓர் ஓடையும் உண்டு. ஓடையைத் தூர்த்து முப்பதடி ரோடு போட்டார். கலுங்கின் வாயை அடைத்து ஆறடிக்கு அலங்காரச் சுவர் கட்டி, அதில் ஒரு பனிமலையை வரைந்து வைத்தார். பிறகு ரோட்டையும் சுவரையும் அரசாங்கத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டு, திருப்பத்தூர்ப் பக்கம் ஜெனீவா கார்டன் போடப் போய்விட்டார்.

நான் வெங்கட்ராமன், வீடு நம்பர் நாற்பத்திரண்டு. முப்பத்தோரு வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டி, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவன். எங்கள் நகரில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். முறையாக எழுதிய மனுவுக்கு மசியாத அலுவலகம் கிடையாது என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் நான் ஒருவன்தான் உறுப்பினர் என்று என் மனைவி சொல்வாள்.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், முதல் நம்பர் வீட்டுப் பாண்டிமுருகன் நனைந்த சட்டையோடு வந்து நின்றார். பஸ் டெப்போவில் மெக்கானிக். வாடகை வீட்டிலேயே அரை ஆயுசைக் கழித்துவிட்டுப் போன வருஷம்தான் வீடு கட்டிக் குடிவந்தார். அவர் வீட்டுக் கொல்லைச் சுவரைத் தாண்டினால் கண்மாய்க்கரை.

"அண்ணே, கரையில ஏறிப் பாத்துட்டு வாரேன். கலுங்க அடைச்ச செவத்து உச்சிக்குத் தண்ணி இன்னும் மூணு சாண்தான் பாக்கி. கரை புட்டு மாதிரி இருக்கு. கால வச்சா உள்ள போகுது. இன்னும் ரெண்டு மழை பேஞ்சா மொதப் போறது என் வீடுண்ணே."

அவர் வீட்டில்தான் மகள் சினேகா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் எட்டு நாள்.

"பிள்ளையக் கொஞ்ச நாளைக்கு மாமியார் வீட்டுல கொண்டுபோய் விட்டுரலாமே தம்பி" என்றேன்.

"நானும் அதத்தான் சொன்னேன். நாகஜோதி ஆடித் தீத்துட்டா. வளகாப்புப் போட்டு, ஊரறியக் கூட்டியாந்த பிள்ளைய, எங்க வீட்டுல தண்ணி வருது நீங்களே பாத்துக்கங்கன்னு திருப்பி விடுறதா? காலத்துக்கும் அந்தப் பிள்ளையக் குத்திக்காட்டுவாகங்கிறா. வாஸ்தவந்தானே அண்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தச் செவத்த ஒரு ஆள் அகலத்துக்கு உடைச்சுவிட்டாப் போதும். தண்ணி ரோட்டோட போயிரும்."

அரைமணி நேர வேலை. கடப்பாரை போதும். ஆனால் சுவரில், பனிமலைக்குக் கீழே, "அரசுச் சொத்து. சேதப்படுத்துவோர் மீது கிரிமினல் வழக்கு" என்று எழுதியிருந்தது. வழக்கு என்று ஒன்று வந்தால் மறுநாளே டெப்போவில் சஸ்பெண்ட். ஓய்வு பெற இன்னும் ஐந்து வருஷம் இருந்த மனுஷன். அதனால் நான் ஒரு மனு எழுதினேன்.

மனுவைக் கொடுக்க வேண்டிய இடம் புறநகர் விரிவாக்கச் சீரமைப்பு அலுவலகம். காரைக்குடியில் ஒரு பழைய செட்டியார் வீட்டின் இரண்டாம் கட்டில் வாடகைக்கு நடக்கிறது. ஓட்டிலிருந்து இறங்குகிற மழை முற்றத்தில் விழுந்து, ஒரு சொட்டுத் தேங்காமல் கல்தொட்டி வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்த முற்றத்தைச் சுற்றி முப்பது பேர், தங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மனுவோடு நின்றிருந்தார்கள்.

எழுத்தர் அனுசுயா மனுவைத் தலைகீழாகப் பிடிக்காமல் நேராகவே படித்தார். எனக்கு நம்பிக்கை பிறந்தது.

"கலுங்கு சம்பந்தமான மனுவா? பாசனதாரர் மட்டும்தான் கொடுக்கலாம். நீங்க பாசனதாரரா?"

"வீட்டுக்காரன்மா" என்றார் பாண்டிமுருகன்.

"வீட்டுக்காரங்கன்னா குடிதண்ணி வரலைன்னு கொடுக்கலாம். அங்குட்டு அந்தக் கவுண்டர். தண்ணி வருதுன்னு கொடுக்க முடியாது."

"வீட்டுக்குள்ள வருதும்மா."

"அதான் சொல்றேன். வருதுல்ல? அப்பப் புகார் இல்லையே."

அலுவலரையே பார்க்க வேண்டும் என்று நான் உள்ளே சீட்டு அனுப்பினேன்.

உள்ளே விரிவாக்க அலுவலர் சத்தியமூர்த்தி எங்களை உட்காரச் சொன்னார். தங்கமான மனுஷன். டீ வரவழைத்தார். சுவரில் ஒரு பெரிய வரைபடம்; அதில் கண்மாய்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. மனைப்பிரிவுகள்தான் நீலம்.

"விதி ஏன் அப்படி இருக்குன்னா, பாசனதாரருக்கு நாங்க அவ்வளவு மரியாதை வச்சிருக்கோம்" என்றார். "இந்த அலுவலகம் வந்து நாலு வருஷம். அதுக்கு முன்னாடி மடைச் சண்டை, வரப்புச் சண்டை, அருவா வெட்டுன்னு தினம் ஒரு பஞ்சாயத்து. இப்ப எங்க எல்லைக்குள்ள முப்பத்தொம்பது கண்மாய். ஒரு சண்டை உண்டா? பாசனதாரர் பிரச்சினைய முழுசாத் தீத்துட்டோம். எப்படித் தீத்தோம்? பாசனதாரரே இல்ல."

"அப்ப யாருதான் சார் மனுக் கொடுக்கிறது?"

"பாசனதாரர்தான். நாலு வருஷமாக் காத்திருக்கோம். ஒருத்தரும் வரலைங்கிறதுல எனக்கே வருத்தம்."

வெளியே வந்ததும் பாண்டிமுருகன், "யாராச்சும் ஒருத்தர் வயல் வச்சிருப்பாருல்ல அண்ணே" என்றார். தேடினோம். அந்தக் கண்மாயில் கடைசியாக வெள்ளாமை செய்தவர் முத்தப்பன். பைபாஸில் டீக்கடை போட்டிருந்தார். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"வயலா? எங்கிட்ட ஏதுப்பா? இந்தத் தம்பியோட அடுப்படிதான் என் மேக்குச் செய், மேக்கு வயலு. ரெண்டு போகம் வெளஞ்ச எடம். அங்க கலுங்க அடைச்சுச் செவரு வைக்கிறானுகளேன்னு அன்னைக்கே கத்துனேன். ‘வித்துட்டீகள்ல, அப்பறம் என்ன பேச்சு’ன்னானுக. சரின்னு வந்துட்டேன்."

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அன்று மாலை சுவர் உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு சாண்.

வீட்டில் விதிப்புத்தகத்தை வரி வரியாகப் படித்தேன். ஏழாம் பக்கத்தில் கிடைத்தது. பாசனதாரர் என்றால் கண்மாய்க்குக் கீழே பயிர் வைத்திருப்பவர். அது கிராமப் பதிவேட்டில், அதாவது அடங்கலில், ஏறியிருக்க வேண்டும். எவ்வளவு நிலம் என்று எங்கும் இல்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்து, அப்போதே பாண்டிமுருகனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, உங்க வீட்டு வாசல்ல கார் நிறுத்தன்னு எடம் விட்டிருக்கீகள்ல?"

"ஆமாண்ணே. காரு இல்லாததால சும்மா கெடக்கு."

"அதுல நெல்லு நடுங்க."

சிரிக்காதீர்கள். சட்டப்படி யோசித்துப் பாருங்கள். மறுநாள் காலையிலேயே பாண்டிமுருகன் காளையார்கோவில் பக்கம் போய் ஒரு கட்டு நாற்று வாங்கி பஸ்ஸில் வைத்துக் கொண்டுவந்தார். வாசலில் பதித்திருந்த சிமெண்டுக் கல்லைப் பெயர்த்து, பன்னிரண்டுக்குப் பத்தடியில் சேறடித்தார்கள். நாகஜோதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வாய் ஓயவில்லை.

"எங்கப்பன் ஆத்தா வயக்காட்டுல கெடந்து செத்தது போதும், நீயாவது டவுன்ல சிமெண்டுத் தரையில நடன்னு கட்டிக் கொடுத்தாக. சிமெண்டுத் தரையப் பேத்து நடவு நட வச்ச மகராசன் நீங்கதான். பிள்ளைக்கு வலி எடுக்கப்போற நேரத்துல நான் குனிஞ்சு நாத்து நடுறேன். த்தூ, என்ன பொழப்பு இது!"

உள்ளேயிருந்து சினேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. நாகஜோதியும் கொஞ்சம் சிரித்துவிட்டாள். அந்த மூன்று நாட்களில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

கிராம நிர்வாக அலுவலர் குடையோடு வந்தார். எதற்கும் வியக்காத மனுஷன். டேப்பைப் பிடித்து அளந்து, பயிர்: நெல், நிலை: நடவு, பாசனம்: கண்மாய் என்று எழுதினார். "மகசூல் எவ்வளவு எதிர்பாக்குறீக?" என்று கேட்டார். "ஒரு படி வருங்களா?" என்றார் பாண்டிமுருகன். அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் அடங்கலோடு போனபோது அனுசுயா எழுந்து நின்றுவிட்டார். மனுவில் முத்திரை விழுந்தது. நான் பாண்டிமுருகனின் தோளைத் தட்டினேன். "பாத்தீகளா? முறையாப் போனா..." என்று ஆரம்பித்தேன். அவர், "அண்ணே, இப்ப ஒரு சாண்" என்றார்.

அன்று மதியமே சத்தியமூர்த்தி ஜீப்பில் வந்து இறங்கினார். ஆனால் சுவரை உடைக்க ஆள் வரவில்லை. பந்தல்காரர் வந்தார். மைக் வந்தது. "புறநகரின் பெருமைமிகு உழவர்" என்று பேனர் வந்தது. பேனரைக் கட்டத் தோதான இடம் அந்தச் சுவர்தான் என்று, பனிமலையின் மேலேயே கட்டினார்கள். நாற்பத்தாறு வீட்டுச் சனமும் குடையோடு கூடியது. பாண்டிமுருகனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கும்பிட்டுக்கொண்டே சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பேனருக்கு மேலே, பனிமலையின் உச்சியில் கோடு கோடாகத் தண்ணீர் கசிந்து கொண்டிருந்தது.

சத்தியமூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"விரிவாக்கம்னா என்னன்னு சில பேரு கேக்குறாங்க. ரொம்பச் சாதாரண விஷயம். முதல்ல வீடு வரும். வீடு வந்த பின்னாடி ரோடு வரும். ரோடு வந்த பின்னாடி, தண்ணி எந்த வழியாப் போகும்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தப்புறம்தான் நாங்க வருவோம். அதனால எங்க அலுவலகம் எப்பவும் கடைசியாத்தான் வரும். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. இந்தச் செவத்தையே எடுத்துக்கங்க. எனக்கு முன்னாடி இருந்தவரு இது கலுங்குன்னு தெரியாமக் கையெழுத்துப் போட்டாரு. அடுத்த வருஷம் அந்த அனுமதியோட புதுப்பிப்பு எங்கிட்ட வந்துச்சு. நான் நேர்ல வந்து பாத்து, கலுங்குதான்னு தெரிஞ்சே போட்டேன். அதுக்குப் பேருதான் பொறுப்பு."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பழக்கம்.

கூட்டம் முடிந்து லேசாக வெயில் எட்டிப் பார்த்தபோது, அவர் பாண்டிமுருகனின் வாசலுக்கு வந்து நடவைப் பார்த்தார். முகம் மாறியது.

"பயிர் மேல ஏதோ நிழல் விழுகுதே?"

"வீட்டு நிழல் சார்."

"பாசன நிலத்துல வீடா? அனுமதி இருக்கா?"

"நீங்கதான் சார் கொடுத்தீக. மனைன்னு."

"மனையில நெல்லு எப்படி வரும்? நெல்லு இருக்குன்னா இது வயல். அடங்கல்ல ஏறிருச்சே. வயலுக்குள்ள கட்டடம் இருந்தா அதை எடுத்துப் பயிரப் பாதுகாக்க வேண்டியது எங்க கடமை. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, அரசாங்கச் செலவுலயே எடுத்துருவோம்."

"அந்தச் செவரு சார்?" பாண்டிமுருகன் கையை நீட்டிக் காட்டினார்.

"மனு பரிசீலனையில இருக்கு. தை மாசத்துக்குள்ள ஒரு முடிவு தெரியும்."

"வீடு?"

"வீடு நாளைக்குக் காலையில."

எனக்கு அந்த இடத்திலேயே அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. "மேல்முறையீட்டுக்கு ஒரு மனு எழுதுவோம் தம்பி" என்றேன். பாண்டிமுருகன் பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ராத்திரி முழுக்க ஊற்றியது. விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாண்டிமுருகன் கரையில் நின்றார். சுவர் உச்சிக்கு நான்கு விரற்கடை. கொல்லைப் பக்கம் கரையில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு கசிவு. அது கலங்கலாக வந்தது. தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கலாக வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். வாசலில் நாகஜோதி, சினேகாவின் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு வலி எடுத்துவிட்டது. ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தார்கள், வரவில்லை. வந்தது ஜேசிபி.

ஓட்டி வந்தவர் காளிராஜ் என்கிற இளவட்டம். கையில் உத்தரவு. வீட்டைப் பார்த்தார், சினேகாவைப் பார்த்தார், கரையில் ஏறித் தண்ணீரையும் பார்த்தார்.

"தம்பி, வீட்ட அப்பறம் இடி. மொத அந்தச் செவத்தத் தட்டிவிடு. ஒன்னய கும்பிடுறேன்" என்றார் பாண்டிமுருகன்.

"ஆர்டர் வீட்டுக்குத்தாண்ணே. செவத்தத் தொட்டா வண்டியப் பிடிச்சு வச்சுக்குவாக. லோன் வண்டி." காளிராஜ் மறுபடியும் ஒரு தடவை சினேகாவைப் பார்த்தார். பிறகு சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு வயித்தக் கலக்குது. சாவி வண்டியிலதான் இருக்கு. இறங்கி அங்குட்டுப் போறேன். வர ஒரு பத்து நிமிசம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

டெப்போ மெக்கானிக்குக்கு எந்த வண்டியானால் என்ன? பாண்டிமுருகன் ஏறி உட்கார்ந்தார். நான், "தம்பி, வழக்கு வரும். யோசிங்க" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க யோசிங்க" என்றார். அவ்வளவு நாளில் அவர் என்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசியது அது ஒன்றுதான்.

இரண்டாவது இடியில் பனிமலை விழுந்தது. தண்ணீர் முப்பதடி ரோட்டில் தன் பழைய ஓடை வழியே பாய்ந்தது. தார் பெயர்ந்தது, அலங்கார விளக்குகள் சாய்ந்தன, தெருவில் நின்ற நான்கு கார்கள் முழங்காலளவு சேற்றில் நின்றன. வீடுகளுக்குள் ஒரு சொட்டு ஏறவில்லை. ஒரு மணி நேரத்தில் கண்மாய் இரண்டு சாண் இறங்கியது. கரைக் கசிவு நின்றது. ஆட்டோவால் உள்ளே வர முடியாததால், சினேகாவை ஜேசிபியில் தன் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து காளிராஜ்தான் மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டார். தன் வயிற்றுவலி சரியாகிவிட்டது என்றார்.

பாண்டிமுருகனைப் பத்து மணிக்குப் போலீஸ் கூட்டிப் போனது. மூன்றாம் நாள் ஜாமீனில் வந்தார். அதற்குள் சஸ்பெண்ட் உத்தரவு வீட்டில் காத்திருந்தது. வீட்டை இடிக்கிற உத்தரவும் ரத்தாகவில்லை; மழை விடட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கம் என் வீட்டு மாடியில் கூடியது. பிழைத்தோமே என்று ஒருவராவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். ரோடு போச்சு, காருக்குள் சேறு, இனி மனை விலை போகுமா, குடியிருக்கிற இடத்தில் நெல் நட்டால் பாம்பு வராதா என்று பேசினார்கள். சுவரை உடனே கட்ட வேண்டும், இந்தத் தடவை எட்டடியாக. முதல் நம்பர் வீட்டுக்காரர் மீது கடும் நடவடிக்கை வேண்டும். மனு எழுத வேண்டியவர் யார்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தோரு வருஷத்தில் அந்தச் சொல்லை நான் பழகவில்லை. எழுதினேன். நாற்பத்தைந்து கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

மறுநாள் காலை அதை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது நாகஜோதி கிண்ணத்தில் சீனியோடு வந்தாள். நான் முழங்கையால் தாளை மறைத்துக்கொண்டேன்.

"பேரன் பொறந்திருக்காண்ணே. வாயைத் திறங்க" என்று ஒரு கரண்டி சீனியை என் வாயில் போட்டாள். "அவுகளத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதணும்ண்ணே. அவரு செஞ்சதாலதான் எங்க நாப்பத்தாறு வீடும் பொழச்சுச்சுன்னு எழுதி, எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்கித் தந்தீகன்னாப் போதும். நீங்க சொன்னாப் போடுவாக. நம்ம சனந்தானே."

செத்துவிடலாம் போலிருந்தது. வாயில் சீனி கரைந்துகொண்டிருந்தது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"எழுதிருவோம்மா" என்றேன்.

"அப்ப நான் இருந்தே வாங்கிட்டுப் போறேண்ணே" என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.